வேலை முடிஞ்சது, கூலி எங்கே?



கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கூட்டம் முடிந்து தீர்மான நோட்டை மூடிய பிறகு, வாசல் வரைக்கும் கூடவே வந்து சில பேர் மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்கள். "மேடம், தைச்சுக் கொடுத்து நாலு மாசம் ஆகுது. காசு கேட்டா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்றாங்க. என்ன பண்றது?" கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்க வெட்கம். ஏமாந்துவிட்டேன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். வேலை செய்தவர் ஏன் வெட்கப்பட வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர் வேறு ஆள்.

நம் மாவட்டத்தில் வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்கிற பெண்கள் ரொம்ப அதிகம். ஆரணியில் பட்டுத் தறி, வந்தவாசி பக்கம் கோரைப்பாய், எங்கே போனாலும் ஜாக்கெட் தையல், சுடிதார் தையல், ஆரி வேலை. கிரிவலப் பாதைக் கடைகளுக்கு முறுக்கு, அதிரசம், துணிப்பை. இப்போது படித்த பிள்ளைகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டைப் அடித்தும் கொடுக்கிறார்கள். இவர்கள் யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. வேலையை முடித்துக் கொடுத்தால் காசு, அவ்வளவுதான். அந்தக் காசு வராவிட்டால் கஷ்டம் அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தையல் மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணை தேதி வந்துவிடும். அவர் கட்டாவிட்டால் குழு கட்ட வேண்டும். குழுவில் சண்டை வரும். பாக்கி வராமலேயே உடைந்துபோன குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். 7 பேர் சேர்ந்து, கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒரு கடைக்காரரிடம் மஞ்சப்பை ஆர்டர் எடுத்தார்கள். துணி அவருடையது, நூலும் உழைப்பும் இவர்களுடையது. பைக்கு 8 ரூபாய் கூலி, மொத்தம் 2,300 பை. கணக்குப் போட்டால் 18,400 ரூபாய். முன்பணம் 3,000 கொடுத்தார். ராத்திரி 11 மணி வரைக்கும் உட்கார்ந்து தைத்து, மொத்தச் சரக்கையும் ஒரே நாளில் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மீதி 15,400. தீபம் முடிந்தது. "பௌர்ணமி கழிச்சு வாங்க" என்றார். பிறகு "பொங்கல் கழிச்சு" என்றார். மாசி மாதம் போனபோது, "பாதிப் பை தையல் சரியில்ல, அதுக்கெல்லாம் காசு கிடையாது" என்று சொல்லிவிட்டார். அத்தனை பையும் விற்றுத் தீர்ந்து மூன்று மாதம் ஆன பிறகு!

இந்தக் குழு கடைசியில் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர்களுக்கு முதலில் வந்த சந்தேகம் நம் எல்லோருக்கும் வருவதுதான்.

எழுதி வாங்கலை, செல்லுமா?

செல்லும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். பத்திரம், முத்திரை, சாட்சிக் கையெழுத்து எதுவும் கட்டாயம் இல்லை. கூலி இவ்வளவு என்று சரியாகப் பேசாமலே வேலை செய்திருந்தாலும், அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு கைகொடுக்கும். இலவசமாகச் செய்து தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் வேலை செய்து கொடுத்து, இன்னொருவர் அதன் பலனை அனுபவித்துவிட்டால், அவர் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்கிறது அது.

ஆனால் செல்லும் என்பது வேறு, நிரூபிப்பது வேறு. "நான் ஆயிரம் பைதான் கொடுத்தேன்" என்று அவர் சொன்னால் நம் கையில் என்ன இருக்கிறது? அதனால்தான் நோட்டு. பெரிய ஒப்பந்தம் எழுதச் சொல்லவில்லை. 20 ரூபாய் நோட்டு ஒன்று போதும். துணி வந்த தேதி, எத்தனை மீட்டர், பீஸுக்கு என்ன கூலி, என்றைக்குப் பணம், இதை எழுதிக் கொடுப்பவரிடம் ஒரு கையெழுத்து. சரக்கு போகும்போது எண்ணிக்கை எழுதி இன்னொரு கையெழுத்து. பழகின ஆளிடம் கையெழுத்துக் கேட்பது எப்படி என்று தயங்குவீர்கள். "எங்க கூட்டமைப்புல நோட்டு பார்ப்பாங்க, எழுதலைன்னா திட்டுவாங்க" என்று பழியை எங்கள் மேல் போடுங்கள். எத்தனையோ இடத்தில் இது வேலை செய்திருக்கிறது.

கையெழுத்து வாங்காமல் வேலை முடிந்துவிட்டதா? அப்போதும் கைவிட வேண்டாம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, முன்பணம் வந்த ஜிபே விவரம், ஆட்டோ வாடகை ரசீது, பைகளோடு எடுத்த போட்டோ எல்லாமே சாட்சியம்தான். செய்தியை அழிக்காதீர்கள். போன் பழசாகிவிட்டது என்று மாற்றும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். போனில் உள்ளதைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. ஏஜென்ட் மூலம் வேலை வந்தால், "இது யாருக்காக?" என்று முதல் நாளே கேட்டு முதலாளி பெயரை நோட்டில் எழுதுங்கள். பிறகு "நான் வெறும் ஏஜென்ட், முதலாளி கொடுக்கலை" என்று கை விரிப்பார்கள். முதலாளி யார் என்று சொல்லாமல் வேலை கொடுத்த ஏஜென்ட், பொதுவாகத் தானே பொறுப்பு என்றுதான் ஒப்பந்தச் சட்டம் வைத்துக்கொள்கிறது. இது பல பேருக்குத் தெரியாது.

சரக்கு கையில் இருக்கும்போதே

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் பொருளை நம்மிடம் கொடுத்து, அதில் நாம் உழைப்பையோ திறமையையோ போட்டு வேலை செய்திருந்தால், அந்த வேலைக்குரிய கூலி வரும்வரை அந்தப் பொருளை நம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இது. இதை விளக்க அந்தச் சட்டம் காட்டுகிற இரண்டு உதாரணங்களில் ஒன்று யாரைப் பற்றித் தெரியுமா? தையல்காரரைப் பற்றி! 150 வருஷத்துக்கு முன்னாலேயே நம் தொழிலை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தையல்காரர் கதையில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கோட்டு தைக்க ஒருவர் துணி கொடுக்கிறார். தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், காசை மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள் என்று தையல்காரர் ஒப்புக்கொள்கிறார். அப்படிக் கடனுக்கு ஒப்புக்கொண்டவர் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது என்கிறது சட்டம். ஆகவே "காசு மெதுவா கொடுங்க, பரவாயில்ல" என்று மரியாதைக்குச் சொல்கிற வார்த்தையே நம் உரிமையைக் கெடுத்துவிடும்.

மேலும் சில எல்லைகள் உண்டு. போன மாத பாக்கிக்காக இந்த மாதத் துணியைப் பிடித்துவைக்கக் கூடாது. எந்த வேலைக்குக் கூலி வர வேண்டுமோ அந்தச் சரக்கைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதை விற்கவோ, நாமே உபயோகிக்கவோ கூடாது, பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கையை விட்டுப் போய்விட்டால் உரிமையும் போய்விடும்.

அதனால் மொத்தச் சரக்கையும் ஒரே நாளில் ஏற்றி அனுப்பாதீர்கள். 2,300 பை என்றால் ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுங்கள். முதல் ஐந்நூறுக்குக் காசு வந்ததும் அடுத்த ஐந்நூறு. இப்படிப் பேசினால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறோம். இதற்குக்கூட ஒத்துக்கொள்ளாத ஆள் பின்னால் எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

3 வருஷம்தான்

பாக்கிக்கு வயசு உண்டு. காலவரையறைச் சட்டம் 1963-ன்படி, பணம் தரும் தேதி பேசாத வேலைக்கு, வேலை முடித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நம் சரக்கை விற்றிருந்தால் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு. "நாளைக்கு வா" என்று இழுப்பவர்களில் சிலருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

அந்த 3 ஆண்டு முடிவதற்குள் அவர் "இவ்வளவு பாக்கி தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். 500 ரூபாய் கொடுத்தால்கூட, "பாக்கியில் 500 கொடுத்தேன், மீதி இவ்வளவு" என்று அவர் கையால் நோட்டில் எழுதி வாங்குங்கள். சும்மா கையில் வாங்கிக்கொண்டு வந்தால் வருஷக் கணக்கு நீளாது.

வக்கீல் செலவுக்கு எங்கே போவது?

பெண்களுக்கு அந்தச் செலவே கிடையாது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, 12-ஆம் பிரிவு. பெண் என்றாலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி. வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு கலர் எதுவும் பார்க்க மாட்டார்கள். திருவண்ணாமலையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் நீதிமன்ற வளாகங்களில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதி, ஆதார் நகலும் நோட்டின் நகலும் வைத்துக் கொடுத்தால் போதும். போன் செய்ய 15100 என்ற எண் நாடு முழுக்க இருக்கிறது.

அங்கே இரண்டு வழி. வழக்குப் போடும் முன்பே எதிர்த் தரப்புக்குக் கடிதம் அனுப்பிக் கூப்பிட்டு, மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத்தில் பேசி முடிப்பது ஒன்று. அதற்குக் கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதுகிற முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. சொன்னபடி அவர் கட்டாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றும் மனு போடலாம், திரும்ப முதலிலிருந்து வழக்கு நடத்த வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான். பஞ்சாயத்தில் தலையாட்டியவர் மறுநாள் மறந்துவிடலாம்.

அவர் வரவே மாட்டேன் என்றால் இரண்டாவது வழி, இலவச வக்கீல் வைத்து சிவில் கோர்ட்டில் வழக்கு. பணம் வசூலிக்கும் வழக்குக்கு தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017 முதல் நூற்றுக்கு 3 ரூபாய், முன்பு ஏழரை ரூபாயாக இருந்தது. சட்ட உதவி கிடைத்தவருக்கு அதுவும் இல்லை. கடைக்காரர் சென்னையிலோ திருப்பூரிலோ இருந்தாலும், வேலை நடந்த இடம் நம் ஊர் என்றால் இங்கேயே வழக்குப் போட வழி உண்டு. ஆனால் வழக்கு சீக்கிரம் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். 5,000 ரூபாய்க்காக வருஷக் கணக்கில் அலைவதா என்பதை அவரவர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். முதலில் லோக் அதாலத் போவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

மஞ்சப்பைக் குழு அந்த வழியில்தான் போனது. அவர்களிடம் கையெழுத்து எதுவும் இல்லை. ஊக்குநர் தன் நோட்டில் தினமும் எத்தனை பை முடிந்தது என்று எழுதி வைத்திருந்தார். ஆட்டோக்காரர் வந்து எத்தனை மூட்டை ஏற்றினேன் என்று சொல்லத் தயாராக இருந்தார். "மீதியை தை முடிஞ்சதும் தரேம்மா" என்று கடைக்காரர் பேசிய குரல் பதிவு ஒரு உறுப்பினர் போனில் அழியாமல் இருந்தது. சட்டப் பணிகள் குழுவிலிருந்து கடிதம் போனதுமே ஆள் இறங்கி வந்தார். 13,000 ரூபாய், இரண்டு தவணையில் என்று முடிவானது. வந்தும் விட்டது. 2,400 ரூபாயை ஏன் விட்டோம் என்று அந்தக் குழுவில் இன்னமும் பேச்சு உண்டு. எனக்கும் அது நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேருக்கு வங்கித் தவணை தலைக்கு மேல் நின்றது. உடனே கையில் வருகிற காசுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதை வெளியில் இருந்து நாம் அளக்க முடியாது.

பதிவு இருந்தால் பெரிய கதவு திறக்கும்

2006-ல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கு ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நிறுவனம் என்றதும் பெரிய ஷெட், புகைபோக்கி என்று நினைக்காதீர்கள். வீட்டில் ஒரு மெஷின் வைத்துத் தைப்பதும் குறுந்தொழில்தான். இந்தச் சட்டப்படி, நம்மிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர் பேசின தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். என்ன பேசினாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. தேதியே பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் வட்டி, அதுவும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் வட்டிக்கு வட்டி. அந்த விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நமக்கு வர வேண்டியது வருடத்துக்கு 18 சதவீதத்துக்கும் மேல். "தையல் சரியில்ல" என்று சொல்வதாக இருந்தால் அவர் சரக்கு வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். மாசி மாதம் வந்து குறை சொல்கிற வேலை இந்தச் சட்டத்தில் எடுபடாது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில், தனியாளாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்காகவே 2017-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலர் அல்லது அதற்கு மேல் வேலை கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிக்காவிட்டால் 30 நாளில் காசு கொடுக்க வேண்டும் என்று. நம் நாட்டில் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் வீட்டுவழி வேலைக்காக ஒரு உடன்படிக்கையே கொண்டு வந்தது, இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆனாலும் கையில் இருக்கிற இந்த 2006 சட்டம் சாதாரணமானதல்ல. நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதே இல்லை, அதுதான் குறை.

போவதற்கு "உத்யம்" பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. இணையத்திலேயே பதியலாம், கட்டணம் ஒரு பைசாகூட இல்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு எப்போது என்பது முக்கியம். வேலை முடிந்து சண்டை வந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு இந்தச் சட்டம் உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் சொன்னது. பதிவு கட்டாயமா என்ற கேள்வியை 2025-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த விவாதமெல்லாம் நமக்கு எதற்கு? அடுத்த ஆர்டர் எடுக்கும் முன் பதிந்துவிடுங்கள். இன்னொரு விஷயம், பொருளை வாங்கி அப்படியே விற்கிற வியாபாரிகளுக்கு இந்தப் பாக்கி வசூல் வழி பொருந்தாது. செய்து விற்பவர்களுக்கும் வேலை செய்து கொடுப்பவர்களுக்கும்தான்.

பதிவு இருந்தால், குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் மனு போடலாம். இணையதளம் வழியாகப் போட முடியும். போடத் தெரியாவிட்டால் திருவண்ணாமலை மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள், சொல்லித் தருவது அவர்கள் வேலை. மன்றம் முதலில் இரண்டு பேரையும் வைத்துப் பேசும், ஒத்துவராவிட்டால் தீர்ப்புச் சொல்லும். வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் நம் மாநில மன்றமே விசாரிக்கலாம். தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தீர்ப்பான தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முதலில் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் இழுப்பதும் உண்டு.

ஷெட்டுக்குப் போய் வேலை செய்பவர்கள்

இதுவரை சொன்னது வீட்டில் வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு. ஒருவரின் ஷெட்டுக்கு தினமும் போய், அவர் மெஷினில் உட்கார்ந்து, பீஸ் ரேட்டில் தைக்கிறவர் நிலை வேறு. "நீங்க தொழிலாளி இல்ல, பீஸுக்குத்தானே காசு" என்பார்கள். 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு அது. மெஷின் கடையுடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் கடைக்காரருக்கு இருந்தது. பீஸ் ரேட்டாக இருந்தாலும் அவர்கள் தொழிலாளர்கள்தான் என்று தீர்ப்பானது.

தொழிலாளி என்றால் ஊதியச் சட்டம் பாதுகாக்கும். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் போய், ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாதக் கூலி என்றால் அடுத்த மாதம் 7 தேதிக்குள், வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நின்றால் 2 வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் 3 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். இதில் நமக்குச் சாதகம் ஒன்று இருக்கிறது. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி, நாம் இல்லை.

செக் கொடுத்தால்

செக் திரும்பி வந்தால் தேதியை உடனே எழுதி வையுங்கள், இங்கே நாட்கள்தான் எல்லாம். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பிய தகவல் நமக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்கும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இது குற்ற வழக்கு, 2 ஆண்டு வரை சிறை அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். 30 நாளை விட்டுவிட்டால் ரொம்பச் சிரமம்.

போலீஸுக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காசு தர இழுப்பது சிவில் விஷயம் என்று பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுக்கும் எண்ணமே இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றினார் என்றால்தான் மோசடி. பொய் முகவரி, ஒரே ஆள் பல குழுக்களிடம் சரக்கு வாங்கிக்கொண்டு காணாமல் போவது, "வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, முதலில் டெபாசிட் கட்டுங்க" என்பது, இவையெல்லாம் அந்த ரகம். போன் வழியாகக் காசு போயிருந்தால் அன்றைக்கே 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் கோர்ட் வாங்குபவருக்கு உள்ளது, கூலி பாக்கிக்கு அங்கே போய் வீண் அலைச்சல் வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், ஆனால் பணத்தை வாங்கித் தரும் அதிகாரம் அங்கே இல்லை, உரிய துறைக்கு அனுப்புவார்கள்.

எந்த வழியில் போவதாக இருந்தாலும் முதல் படி ஒரு கடிதம். வக்கீல்தான் எழுத வேண்டும் என்று இல்லை, நாமே எழுதலாம். இரண்டு நகல் எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபால் என்று தனியாக இருந்ததை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில், "பதிவு செய்து, போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சியோட வேணும்" என்று கேட்டு அனுப்புங்கள். அந்த ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள். திட்டோ மிரட்டலோ கடிதத்தில் ஒரு வரிகூட வேண்டாம், நாளைக்கு அதை நீதிபதி படிப்பார். மாதிரி இது:

அனுப்புநர்: (பெயர், குழுவின் பெயர், ஊர்)
பெறுநர்: (வேலை கொடுத்தவர் பெயர், கடை, முகவரி)
பொருள்: தையல் கூலி பாக்கி கேட்டு அறிவிப்பு.

ஐயா, தாங்கள் …… தேதியில் …… எண்ணிக்கை தைத்துத் தரும்படி துணி கொடுத்தீர்கள். ஒன்றுக்கு ரூ…… கூலி என்று பேசினோம். …… தேதியில் மொத்தம் …… எண்ணிக்கை தங்களிடம் ஒப்படைத்தோம். மொத்தக் கூலி ரூ……. தாங்கள் கொடுத்தது ரூ……. மீதி ரூ…… இன்றுவரை தரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்படி தொகையைக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். தவறினால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் நீதிமன்றத்திலும் மனு செய்வோம், அதனால் ஏற்படும் செலவுக்கும் வட்டிக்கும் தாங்களே பொறுப்பு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(வேலை செய்த எல்லோருடைய கையெழுத்தும், தேதியும்)